திருப்பிப் படுக்க வைத்தல்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சுவர்ப்பக்கம், மல்லாக்க, இந்தப்பக்கம், மறுபடி மல்லாக்க. தவறினால் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவக்கும். சிவப்பைக் கவனிக்காமல் விட்டால் தோல் பிரியும். பிரிந்துவிட்டால் புண் உள்ளே தோண்டிக்கொண்டு போகும், எலும்பைத் தொடும்வரை நிற்காது. அவர் மனைவிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் பதினாறு வருடம் ஆயாவாக இருந்தவள். பெரிய டாக்டர் முதல் டீக்கடைக்காரர் வரை ஆயாம்மா என்றே கூப்பிட்டுப் பழகி, கடைசியில் கட்டியவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "ஆயாம்மா, மூணாம் பெட் கூப்பிடுது" என்பார். வீட்டில் இருந்ததே ஒரு கட்டில்தான்.

அவர் கிடங்கில் மூட்டை தூக்கியவர். இருபத்திரண்டு வருடம். மூன்று வருடத்துக்கு முன்னால், அடியில் ஈரம் ஏறி இளகிப் போயிருந்த அடுக்கு ஒன்று சரிந்தது. கூட இருந்த மூன்று பேர் ஒதுங்கிவிட்டார்கள். இவர் முதுகில் ஏற்கெனவே ஒரு மூட்டை இருந்தது. சுமையோடு நிற்பவனால் துள்ளிக் குதிக்க முடியாது. கழுத்துக்குப் பின்னால் எலும்பு நொறுங்கியது. கால் இரண்டும் போயின, இடக்கையும் போனது. வலக்கையில் முழங்கை மடங்கும், மணிக்கட்டு நிமிரும், விரல் மூடாது. டம்ளர் பிடிக்க முடியாத கையைக் கை என்று யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. ஆயாம்மாவும் சேர்த்துக்கொள்ளவில்லை.

போன வருடம் ஒரு மாதம் அவள் வேலைக்குத் திரும்பிப் பார்த்தாள். அவரை நாத்தனாரிடம் விட்டுவிட்டுப் போனாள். நாத்தனார் அடுத்த தெருவில் தைப்பவள், அண்ணன் மேல் உயிர். தையல் மெஷினையே இங்கே கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் ஒரு சட்டைக்குக் கை வைத்து முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் மூன்றாகும், காலர் வைத்தால் நாலாகும். இடுப்பில் சின்னதாக ஒரு சிவப்பு. ஆயாம்மா கண்ணில் பட்டபோது அது உள்ளங்கை அகலம் ஆகியிருந்தது. ஆறுவதற்கு ஐந்து மாதம். இன்னும் நாத்தனார் அந்த இடுப்புத் தழும்பை நேராகப் பார்ப்பதில்லை, துணி மாற்றும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் மாற்றுவாள்.

இப்போது ஆயாம்மாவின் நீண்ட விடுப்பு முடிய இரண்டு வாரம் இருந்தது. திரும்பிப் போகாவிட்டால் வேலை போகும். போனால் இவரை ஊருக்கு வெளியே இருந்த பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுத்தமான இடம், நல்ல மனிதர்கள். நாற்பது கட்டிலுக்கு மூன்று ஆயா. வார்டு தெரிந்தவளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே இரண்டு மணிக்கு ஒருமுறை எவரையும் யாராலும் திருப்ப முடியாது.

அந்த நேரத்தில்தான் பாடம் வந்தது. வீட்டிலேயே நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் போனில் படிக்கிற மாதிரி ஆன்லைன் வகுப்பு தயாரிக்கும் ஓர் அலுவலகம். மொத்தம் பன்னிரண்டு பாடம். தலைமை நர்ஸ் இவள் பெயரைச் சொல்லியிருந்தாள். முதலில் ஒரே ஒரு பாடம் செய்து காட்ட வேண்டும்: நாலாவது, 'திருப்பிப் படுக்க வைத்தல்'. ஐந்து வீட்டில் கொடுத்துப் பார்ப்பார்கள். பாடத்தைப் பார்த்தே அவர்கள் செய்ய முடிந்தால் மீதிப் பதினொன்றும் இவளுக்கு. வீட்டை விட்டு நகராமல் சம்பாதிக்கிற வேலை. பொறுப்பாக இருந்த பெண்மணிக்கு இவர்கள் வீட்டில் பாடக்காரம்மா என்று பெயர் ஆகிவிட்டது. நல்லவள்தான், ஆனால் எதைச் சொன்னாலும் நிமிடத்தில் சொல்வாள். ஒரு பாடம் ஏழு நிமிடம். எட்டாவது நிமிடத்தில் ஜனங்கள் வேறு பக்கம் போய்விடுவார்களாம்.

ஆயாம்மா பத்தாவதோடு நின்றவள். பாடம் எழுதுவது என்றால் என்ன என்று பாடக்காரம்மா போனில் ஒன்றரை மணி நேரம் சொன்னாள். படிக்கிறவருக்கு முடிவில் என்ன செய்யத் தெரிய வேண்டும் என்பதை முதல் வரியில் எழுது, அங்கிருந்து பின்னோக்கி நடந்து வா என்றாள். அது ஆயாம்மாவுக்குப் பிடித்தது. மருந்து அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, உள்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். தலையணையை எடுப்பதிலிருந்து முதுகுக்கு முட்டுக் கொடுப்பது வரை பதினான்கு படி. அவள் கை யோசிக்காமல் செய்துகொண்டிருந்ததை ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தி எழுத வேண்டியிருந்தது. ஓடுகிற கோழியை எண்ணுகிற வேலை. அடுப்பில் முட்டை வேகும், இவள் கட்டிலருகே நின்று வெறும் காற்றில் கையை வைத்து வைத்துப் பார்ப்பாள். முட்டை வெடித்து ஓடு பறந்த நாளும் உண்டு.

கேள்விகள் தயாரிப்பதுதான் பெரும் பாடாக இருந்தது. சரியான பதில் ஒன்று, தப்பான பதில் மூன்று. சரியானதை எவரும் எழுதிவிடலாம். தப்பு என்றால் பார்த்ததும் சிரிப்பு வரக்கூடாது, செய்கிறவனுக்கு அதுதான் சரி என்று பட வேண்டும். அவள் வார்டில் பதினாறு வருடம் பார்த்த தப்புகளையெல்லாம் தோண்டி எடுத்தாள். கையைப் பிடித்து இழுப்பது. விரிப்போடு சேர்த்துத் தேய்த்து நகர்த்துவது. பாசத்தில் இடுப்புக்கு அடியில் தலையணை வைப்பது. கட்டிலில் கிடந்தபடியே அவரும் தப்புகளை எடுத்துக் கொடுத்தார். "நாலாவதா, 'கொழுந்தியாளைக் கூப்பிடலாம்'னு போடு" என்றார். அட்டையில் அதை எழுதி, பிறகு அடித்தாள்.

படம் பிடிப்பதற்கு நாத்தனார் வந்தாள். அங்கேதான் அவர் முரண்டு பிடித்தார். முகம் தெரியக்கூடாது, கழுத்து வரை போர்வை மூடியிருக்க வேண்டும். கிடங்கு ஆட்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, எவனாவது பார்த்துவிட்டு, நூறு கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிப் பலகை ஏறினவன் கிடக்கிற கிடையைப் பார் என்பான். அவர் இவ்வளவையும் நேராகச் சொல்லவில்லை. வெயில் கூசுது என்றார், மூக்கு அரிக்குது என்றார்.

"கல்யாண வீடியோவுலயே முகத்தைக் காட்டாத ஆளு" என்றாள் நாத்தனார். "மாலை மட்டும்தான் தெரியும். அண்ணி யாரைக் கட்டிக்கிட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் அத்தாட்சி இல்ல."

மூன்று பேரும் சிரித்தார்கள், ஆனால் அவர் சொன்னபடியேதான் எடுத்தார்கள். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. ஆயாம்மா இந்தப்பக்கம் நின்று அவரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பது வார்டு வழக்கம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அவரிடமிருந்து எப்போதும் ஒரு 'ம்' வரும், அது அவர் பழக்கம் என்று விட்டிருந்தாள். எடுத்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை அடித்தால் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. படம் நன்றாக வந்திருந்ததால், சத்தத்தை எடுத்துவிட்டு ஆயாம்மா குரலைப் பிறகு தனியாகப் பதிந்து ஒட்டினார்கள்.

ஐந்து வீட்டுக்கும் பாடம் போனது. ஐந்து வீட்டிலும் தோற்றது.

தாயாரைப் பார்த்துக்கொள்கிற பஸ் டிரைவர் ஒருவர் சொன்னபடியே செய்து தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வீட்டில் நோயாளி பாதியில் நின்று அழுதிருக்கிறார். ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்: 'அந்த அம்மா வீடியோவில் தலையணையைப் புரட்டுவது போலப் புரட்டுகிறார். எங்கள் வீட்டுக்காரர் கல்லாகக் கிடக்கிறார். என்னிடம் என்ன குறை என்று தெரியவில்லை.'

ஆயாம்மாவைச் சுட்டது அந்தக் கடைசி வரிதான். பாடக்காரம்மா கோபப்படவில்லை. பதினாறு வருடப் பழக்கம் உங்களுக்கு, எது கஷ்டம் என்பதே மறந்து போயிருக்கும் என்றாள். அடுத்த புதன்கிழமை இன்னொரு முறை பார்ப்போம், அப்போதும் சரிவராவிட்டால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றாள்.

அன்று மத்தியானம் ஆயாம்மா சாப்பிடவில்லை. பதினான்கு அட்டையையும் தரையில் பரப்பிவைத்து, எந்தப் படி விட்டுப்போனது என்று தேடினாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை. கடைசியில் நாத்தனாரைக் கூப்பிட்டு, உனக்குத் தெரிந்ததையெல்லாம் மறந்துவிட்டு நான் படிப்பதை மட்டும் செய் என்றாள். தானே கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டையாக வாசித்தாள். நாத்தனார் செய்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் சுலபமாகச் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"அப்புறம் என்ன அண்ணி? ஊசி மாதிரி இருக்கிற நானே திருப்பிட்டேனே. பாடம் சரியாத்தான் இருக்கு. அந்த அஞ்சு பேருக்குத்தான் சோறு பத்தலை."

ஆயாம்மா ஸ்டூலிலிருந்தே கட்டிலைக் குனிந்து பார்த்தாள். மூன்று வருடமாக அவள் நின்ற இடம் கட்டிலின் பக்கவாட்டு. கண் இருந்த இடம் இடுப்பு, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிற கண். கால்மாட்டிலிருந்து அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அங்கே உட்கார்ந்தால் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த நான்கு விரற்கடை சந்து தெரிந்தது. சந்தில் போர்வைக்கு அடியில் அவருடைய வலது மணிக்கட்டு கட்டில் கம்பியில் கொக்கி போல மாட்டிக்கொண்டிருந்தது. முழங்கை மடங்கி, தோள் விறைத்து, கழுத்து நரம்பு இன்னும் புடைத்திருந்தது.

மல்லாக்கத் திருப்பச் சொன்னாள். பிறகு எழுந்து வந்து தான் நிற்கும் இடத்தில் நின்றாள்.

"இப்ப நான் திருப்பறேன். நீங்க ஒண்ணும் செய்யக்கூடாது."

"நான் என்ன செய்யறேன்?"

"அதைத்தான் செய்யாதீங்கங்கறேன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவள் தோளுக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. தோள் கொஞ்சம் எழுந்து விழுந்தது. இடுப்பு அசையவே இல்லை. மறுபடி முயன்றாள். பாதத்தைத் தரையில் ஊன்றி, வார்டில் கற்ற அத்தனை பிடிகளையும் பிடித்துப் பார்த்தாள். மூன்றாவது முறையும் அப்படித்தான். அப்படியே விட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மெஷினருகே போய் நின்றிருந்த நாத்தனார் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள் ஆயாம்மா.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த ரெண்டாவது மாசம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்ப. உங்க வார்டுல பேஷண்டுன்னா அசையாம கிடக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "காலம் முழுக்க முதுகுல மூட்டையாவே சுமந்தவன். எப்படிக் கிடந்தா மூட்டை கனக்கும், எப்படிக் கிடந்தா கனக்காதுன்னு எனக்குத் தெரியாதா? சும்மா கிடந்து உன் இடுப்பையும் முறிக்கச் சொல்றியா?"

அவள் அழுவாள் என்று நாத்தனார் நினைத்தாள். ஆயாம்மாவுக்குக் கோபம்தான் வந்தது.

"அப்ப பாடத்தைக் கெடுத்தது நீங்கதான். பாதிப் பாரத்தை நீங்க தூக்கியிருக்கீங்க, முழுப் பாரமும் நான் தூக்கறேன்னு ஊருக்குக் காட்டியிருக்கேன். அந்த டிரைவர் இடுப்பு போனது என்னால. அந்தப் பொண்ணு தன்கிட்டக் குறைன்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா."

"கையைத்தான் போர்வை மூடிடுச்சே, நான் என்ன பண்ண?"

"மூடச் சொன்னது யாரு?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

டீ போட்டுக் குடித்தார்கள். அவருக்கு உறிஞ்சுகுழலில் கொடுத்தாள். குடித்து முடித்த பிறகுதான் அவர் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார். கையை மாட்டி இழுப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் தாடையை நெஞ்சோடு மடக்க வேண்டும். பிறகு முகம் போக வேண்டும், திரும்பப் போகிற பக்கமாக. முகம் போனால் தோள் பின்னாலேயே போகும். மூச்சை விட்டுக்கொண்டே இழுக்க வேண்டும், பிடித்துக்கொண்டு இழுத்தால் உடம்பு மரக்கட்டை ஆகிவிடும். இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று அவள் கேட்டாள். எவன் சொல்லிக் கொடுப்பான், வேறென்ன வேலை எனக்கு, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன் என்றார். அவள் மருந்து அட்டையைத் திருப்பி எழுதிக்கொண்டே வந்தாள்.

"இன்னொண்ணு. அந்த ஒண்ணு ரெண்டு மூணு, அதுவே தப்பு."

"ஆஸ்பத்திரி பூரா அப்படித்தான்."

"கிடங்குல அப்படிக் கிடையாது. ரெண்டு பேர் மூட்டையைத் தூக்கி ஒருத்தன் முதுகுல வைப்பாங்க. எப்ப வைக்கிறதுன்னு தூக்கறவன் சொல்லக்கூடாது. கீழ குனிஞ்சு நிக்கிறவன்தான் 'ம்' சொல்லணும். அவன் சொல்றதுக்கு முந்தி வச்சா அடிதடியே நடக்கும். கால் ஊனிட்டானா, மூச்சு எடுத்துட்டானான்னு அவனுக்குத்தான் தெரியும். நீ மூணு சொல்றதுக்குள்ள நான் அவசர அவசரமா 'ம்' போட்டுக்குவேன். சில நாள் நீ முந்திக்குவ. அன்னைக்கு வலிக்கும்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. எத்தனை நாள் வலித்தது என்று அவள் கேட்கவில்லை. பழைய பதினான்கு அட்டைகளையும் அடுக்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

வியாழனும் வெள்ளியும் புதிதாக எழுதினாள். முதல் பக்கத்தில் எப்படிப் பிடிப்பது என்பது இல்லை. தொடாதே என்று இருந்தது. ஐந்து நிமிடம் கால்மாட்டில் உட்கார்ந்து பார். தாடை அசைகிறதா, தோள் அசைகிறதா, ஒரு விரலாவது அசைகிறதா, கண்ணால் பதில் சொல்ல முடிகிறதா என்று அவரையே கேள். எது இருக்கிறதோ அதற்கு வேலை கொடு. எதுவுமே இல்லாவிட்டால் தனியாக முயலாதே, இன்னொருவரைக் கூப்பிடு, விரிப்பை மடித்துப் போட்டு இருவரும் சேர்ந்து திருப்புங்கள். எப்போது என்று நோயாளி சொல்லட்டும். கேள்விகளில் ஒன்று, 'திருப்பலாம் என்று யார் சொல்ல வேண்டும்?' என்பது. விடைகள்: நர்ஸ், பலசாலி, வீட்டுக்குப் பெரியவர், நோயாளி. மாமியார் என்று ஒன்று சேர்க்கச் சொல்லி அவர் மன்றாடிப் பார்த்தார்.

படம் எடுப்பதில்தான் சிக்கல். கையைக் காட்டலாம், போர்வையை அந்தப் பக்கம் விலக்கினால் போதும். தாடையைக் காட்ட வேண்டுமே. ஆயாம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தலையணைக்கு முகம் வரைந்து காட்டலாமா என்றுகூட நாத்தனாரிடம் தனியாகக் கேட்டாள். சனிக்கிழமை காலை வானம் வெளுத்திருந்தது, கூரையில் சத்தம் இல்லை. அவர் தங்கையைக் கூப்பிட்டார்.

"தாடியை எடுத்துவிடு. நாலு நாள் தாடியோட மடக்கினா தாடை எது, தாடி எதுன்னு தெரியாது."

நாத்தனார் தண்ணீர் கொண்டுவந்தாள். நுரை போட்டு, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, காலர் வெட்டுகிற கவனத்தோடு மழித்தாள். முடித்ததும் போர்வையை அவளே இடுப்புக்குக் கீழ் வரை இறக்கினாள். தழும்பைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை ஐந்து வீட்டுக்கும் போனது. நான்கு வீட்டில் திருப்பிவிட்டார்கள். ஐந்தாவது வீட்டில் துணைக்கு ஆள் இல்லை, சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை காத்திருந்தேன் என்று எழுதியிருந்தாள் அந்தக் 'கல்' பெண். தனியாக முயலாமல் இருந்ததற்கே அவளுக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்று ஆயாம்மா சொல்லி அனுப்பினாள். டிரைவர் இரண்டே வரி எழுதியிருந்தார். அவர் தாயாருக்குப் பேச்சு இல்லை. கையை வைத்துவிட்டுக் காத்திருந்தேன், அம்மா கண்ணை மூடித் திறந்தார், அதற்குப் பிறகு கனக்கவில்லை.

மறுநாள் பாடக்காரம்மா கூப்பிட்டாள். போனை அவர் தலையணை மேல் வைத்து மூன்று பேரும் கேட்டார்கள். பாடம் எட்டு நிமிடத்துக்கு மேல் இருக்கிறது, பரவாயில்லை, ஒரே ஒரு இடத்தைக் குறைத்துவிடலாம் என்றாள். ஆயாம்மா தோளிலும் இடுப்பிலும் கை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறாள் அல்லவா, அந்த இடம். பத்தொன்பது செகண்ட்.

"அங்க ஒண்ணுமே நடக்கலையேம்மா."

நாத்தனார் அண்ணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சரி என்று சொல்லிவிடு என்று கண்ணைக் காட்டினாள். திங்கட்கிழமை விடுப்பு முடிகிறது. அந்த இல்லத்தின் நாற்பது கட்டிலும் மூன்று பேர் கண்ணுக்கும் தெரிந்தது.

"அதை எடுத்தா முதல்ல அனுப்பின பாடம்தான் மேடம் மிஞ்சும்" என்றாள் ஆயாம்மா. "அவர் மூச்சு எடுக்கிறாரு. தாடையைத் தயார் பண்றாரு. அந்த நேரத்துல வேலை அவரோடது. என்னோட வேலை நிக்கிறது. நிக்கிறதுதான் கஷ்டம். அதைப் பார்க்காதவங்க நிக்க மாட்டாங்க. வேணும்னா நான் பேசற இடத்துல வெட்டிக்கோங்க."

போனில் அந்த இடம் மறுபடி ஓடுகிற சத்தம் லேசாகக் கேட்டது. முழுதாக ஓடி, அவருடைய 'ம்' கேட்டது.

"இருக்கட்டும்" என்றாள் பாடக்காரம்மா. "மீதிப் பதினொண்ணையும் நீங்களே செய்ங்க. ரெண்டு பேரும்."

அவள் போனை வைத்துவிட்டாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஒரு ராஜினாமாக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள் ஆயாம்மா, யாரும் கேட்காமலே. அலாரம் அடித்தது. எழுந்து கட்டிலருகே போய், தோளுக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து நின்றாள்.

அவர் கூரையைப் பார்த்தார். நின்றாள். ஜன்னலைப் பார்த்தார். அவளுக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது.

"என்ன?" என்றாள்.

"பத்தொன்பது செகண்ட் ஆகட்டும்."

நாத்தனார் மெஷின் மேல் கவிழ்ந்து சிரித்தாள். ஆயாம்மா சிரிக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. சந்துப் பக்கம் கம்பியில் மணிக்கட்டு மாட்டிக்கொள்ளும் சின்னச் சத்தம் வந்தது. தாடை மடங்கியது. முகம் சுவர்ப்பக்கம் போனது.

"ம்" என்றார்.